தாத்தா வைக்காத கைநாட்டு

எங்கள் குடும்பத்துக்கும் கட்டைவிரலுக்கும் ஒரு பழைய தகராறு உண்டு. 1930-இல் கோலார் தங்கவயல் தொழிலாளிகளின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. 'நாங்க என்ன கேடிகளா?' என்று ஊரே வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டது. நந்திதுர்க் சுரங்கத்தில் இருந்த என் தாத்தாவும் அதில் ஒருத்தர். வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மனுஷன், கையில் காலணா கிடையாது. இருந்தும் அடுப்பு எரியாவிட்டால் போகட்டும், விரலை மட்டும் மைக்கு நீட்டமாட்டேன் என்று நின்றாராம்.

அவருடைய பேரனாகிய நான் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே கட்டைவிரலை போனில் வைக்கிறேன். பால்காரருக்கு ஒரு தடவை, கேஸ் சிலிண்டருக்கு ஒரு தடவை, கரண்ட் பில்லுக்கு ஒரு தடவை, ரேஷன் கடை மிஷினில் நாலைந்து தடவை. தாத்தா மூன்று வாரம் பட்டினி கிடந்து காப்பாற்றியதை நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை தொலைக்கிறேன். அதிலும் பாதித் தடவை அந்த போன், 'தெரியவில்லை, மறுபடி வை' என்கிறது. தாத்தா விரலைத் தர மறுத்தார். என் விரலை வாங்கிக்கொள்ளவே மறுக்கிறார்கள்.

கேஜிஎப் என்றதும் நீங்கள் சினிமாவை நினைத்துக்கொள்வீர்கள். தாடியும் சுத்தியலுமாக யாரும் இங்கே நடமாடவில்லை. இருப்பதெல்லாம் என் மாதிரி மூட்டுவலிக்காரர்கள்தான். நான் நந்திதுர்க் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்களை மூடினார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு இருபது வருஷம் விடிவதற்குள் உரிகத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணி, ராத்திரி ஊர் திரும்பினேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை, அதனால் இதற்காக என்னைப் பார்த்து நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டாம். உச்சுக்கொட்ட வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

இந்த மண்ணிலிருந்து நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் எடுத்ததாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது சயனைடு மேட்டிலிருந்து காற்றில் பறந்து வந்த தூசி.

நந்திதுர்க் லைனில் நான் பார்த்த முதல் பேங்க், செட்டியார் மளிகைக்கடை. கம்ப்யூட்டர் கிடையாது, நீளமான ஒரு நோட்டு. அதில் எங்கள் நைனா பேருக்கு ஒரு பக்கம். சம்பளத்தன்று அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, மறுநாள் காலையில் அடுத்த பக்கத்தைத் திறப்பார். இரண்டாவது பேங்க், சேட்டு அடகுக்கடை. அம்மாவின் கம்மல் வருஷத்தில் எட்டு மாதம் அங்கே குடியிருக்கும், மீதி நாலு மாதம் அம்மா காதுக்கு விருந்தாளியாக வந்துபோகும். யோசித்துப் பாருங்கள், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை தங்கம் தோண்டிய ஊரில், தங்கம் தோண்டுகிறவன் பெண்டாட்டி ஒரு சவரனை அடகு வைத்து, மறுநாள் தங்கம் தோண்டப் போகிறவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். இதைப் பொருளாதாரத்தில் என்னவென்று சொல்வார்களோ, எங்கள் லைனில் 'மாசக் கடைசி' என்று சொல்வார்கள்.

மூன்றாவது பேங்க் எதிர்வீட்டு அக்கா. ஏலச்சீட்டு நடத்துகிறவர். எழுபது வயதாகிறது, இன்னும் நடத்துகிறார். மேனேஜர், காஷியர், வசூல்காரர், வக்கீல் எல்லாமே அவர்தான். தவணை தவறினால் நோட்டீஸ் எல்லாம் அனுப்பமாட்டார். நேரே வாசலில் வந்து நின்று, 'தம்பி சாப்ட்டாச்சா?' என்று கேட்பார். ஐந்து வீடு தள்ளிக் கேட்கும். தெருவில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும். வராக்கடன் என்ற சொல்லே அந்த அக்காவுக்குத் தெரியாது.

நான்காவதாக உண்மையான பேங்க் ஒன்றும் இருந்தது, இருக்கிறது. பெயர் வேண்டாம். முன்னெல்லாம் உள்ளே நுழைந்தால் கவுண்டரில் இருப்பவர் தலை நிமிராமலே, 'நந்திதுர்க்கா? உக்காருங்க' என்பார். இப்போது உட்கார நிறைய நாற்காலி இருக்கிறது, உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை. போன மாதம் பாஸ்புக்கை அச்சடிக்கும் மிஷினில் புத்தகத்தைத் தலைகீழாகச் சொருகிவிட்டேன். அது கோபித்துக்கொள்ளாமல், இந்த வருஷக் கணக்கைப் போன வருஷக் கணக்கின் மேலேயே பளிச்சென்று அடித்துக் கொடுத்தது. கடன் எது, வரவு எது, ஆகஸ்ட் எது, மார்ச் எது என்று ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்த பையனிடம் காட்டினேன். 'ஆப்புல பாத்துக்கோங்க சார்' என்றான். ஆப்பு என்ற சொல்லை வைத்துப் பழைய ஜோக் ஒன்று உண்டு. நான் அதைச் சொல்லப்போவதில்லை, அது எனக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், தேதி சொல்ல முடியும். 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டு மணி. ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவோடு செல்லாது என்று டிவியில் சொன்னதும் எனக்கு வேர்த்துவிட்டது. காரணம், பரண்மேல் இருந்த நைனாவின் பழைய சுரங்கத் தொப்பி. அதன் உள்பட்டைக்குள் நான் பதினோரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்திருந்தேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சேர்த்த பணம். எதற்கு என்று கேட்காதீர்கள், ஆம்பிளைக்கு ஒரு தைரியத்துக்கு. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நாற்காலி போட்டு ஏறித் தொப்பியை இறக்கிக்கொண்டு, குற்றவாளிபோல் அவள் முன்னால் வைத்து, 'பதினோரு நோட்டு இருக்கு' என்றேன்.

'பன்னெண்டு' என்றாள். 'போன மாசம் ஒண்ணு எடுத்தேன். அப்புறம் வச்சிட்டேன். நீங்க எண்ணவே இல்லியா?'

எண்ணினேன். பன்னிரண்டு. நந்திதுர்க் டைம் ஆபீஸில் ஐந்நூறு பேருக்கு வருகைக் கணக்குப் பார்த்தவன் நான்.

அதே வருஷம் ஏப்ரலில்தான் யூபிஐ என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. கையில் நோட்டு இல்லாமல் போனதும் கண்டுகொண்டோம். இப்போது கணக்கைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 2025 ஆகஸ்டில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் நாடு முழுக்க 2,000 கோடி தடவை யூபிஐயில் பணம் கை மாறியிருக்கிறது. அதில் முப்பத்தொன்று என்னுடைய போண்டா.

போண்டா விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். எனக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், மூட்டுவலி மூன்றும் உண்டு. இவற்றுக்கு எதிராக நான் எடுக்கும் ஒரே மருந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு முக்குக்கடையில் ஒரு டீ, இரண்டு போண்டா. ஆக இருபது ரூபாய். காசாகக் கொடுத்த காலத்தில் எனக்கும் கடைக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. பிறகு கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார், சுவரில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், கல்லாவில் ஒரு பேசும் டப்பாவும் வைத்தார். நான் போனைக் காட்டினேன். டப்பா கன்னடத்தில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, இருபது ரூபாய் வந்து சேர்ந்தது என்று அறிவித்தது. அது போதாதென்று, எங்கள் பேங்க் கணக்கு கூட்டுக் கணக்கு. பணம் போனால் மெசேஜ் இரண்டு பேர் போனுக்கும் வரும்.

வீட்டுக்குள் கால் வைக்கிறேன். 'போண்டா சூடா இருந்துச்சா?' என்றாள்.

ஒருநாள் அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டேன். 20.00 என்று அடிக்கப்போய் 2000 ஆகிவிட்டது. டப்பா 'எரடு சாவிர' என்று முழங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் திரும்பி, இருநூறு போண்டா தின்னக்கூடிய ஆள் எப்படி இருப்பான் என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன், 1,980 ரூபாயை உடனே போனிலேயே திருப்பி அனுப்பினார். அதற்கும் மெசேஜ் போயிருக்கிறது. 'ரெண்டாயிரம் போட்டு நிமிசத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது எடுக்கிறீங்க. கடையில நீங்க பார்ட்னரா?' என்று கேட்டாள். இல்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

செட்டியாரும் சேட்டும் நம்மைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தார்கள், ஆனால் வெளியே சொல்லமாட்டார்கள். இந்த டப்பாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம், அதைக் கத்திச் சொல்கிறது.

சீட்டு அக்காவும் மாறிவிட்டார். 2020-இல் கொரோனா வந்து யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடாது என்று ஆனபோது, பேத்தியை வைத்து வாட்ஸ்ஆப்பில் ஒரு குரூப் தொடங்கினார். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஏலமும் அதிலேயே. அதிகத் தள்ளு கேட்கிறவருக்குச் சீட்டு. வாய்ஸ் மெசேஜில் அக்கா குரல் வரும், நேரில் கேட்பதைவிட இன்னும் கொஞ்சம் சத்தமாக.

2021 அக்டோபரில் ஒரு ராத்திரி. பெங்களூரிலிருந்து மகன், என் பேத்திக்கு முதல் பல் முளைத்த போட்டோ அனுப்பியிருந்தான். பார்த்து உருகிப்போய், பிரமாதம் என்ற பொருளில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். கண்ணாடி போடவில்லை. அது குடும்ப குரூப்புக்குப் போகவில்லை. அதே நிமிஷத்தில் சீட்டு குரூப்பில், 'இருபத்திரண்டாயிரம் தள்ளு. யாருக்கு வேணும்?' என்று அக்கா கேட்டிருக்கிறார். அதன் கீழே என் கட்டைவிரல் போய் நிமிர்ந்து நின்றது.

'முடிஞ்சுது' என்று மூன்று விநாடியில் வாய்ஸ் வந்தது.

ஓடினேன். எதிர்வீடுதானே, செருப்புக்கூடப் போடவில்லை. 'அக்கா, எனக்குப் பணமே வேணாம். அது பேத்தியோட பல்லுக்கு வச்ச விரல்' என்றேன். அக்கா கதவைப் பாதி திறந்து, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, 'கைநாட்டு வச்சா வச்சதுதான் தம்பி' என்றார். 1930-இல் என் தாத்தா எதற்குப் பயந்தாரோ அது தொண்ணூறு வருஷம் காத்திருந்து எங்கள் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. ஆக, யாருக்கும் தேவைப்படாத எழுபத்தெட்டாயிரம் ரூபாய் என் கைக்கு வந்தது. அறுபத்தெட்டாயிரத்தைப் பெண்டாட்டி கூரை மாற்ற வாங்கிக்கொண்டாள். மீதிப் பத்தாயிரம் என் வசம். நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டிய இடம் இனிமேல்தான்.

தீபாவளிக்கு மகன் வந்தான். சாப்பிடும்போது யாரிடமோ போனில், 'பிட்காயின் மைனிங்' என்று பேசிக்கொண்டிருந்தான்.

கேஜிஎப்காரன் காதில் மைனிங் என்ற சொல் விழுந்தால் அவனால் சும்மா இருக்க முடியுமா? கையைக்கூடக் கழுவாமல் கேட்டேன். 'எந்த ஊர்ல? எத்தனை அடி? எத்தனை ஷிப்ட்டு?'

'பூமிக்குள்ள இல்ல டாடி. கம்ப்யூட்டருங்க ஒரு நம்பரை ஊகிச்சிகினே இருக்கும். எது முதல்ல கண்டுபிடிக்குதோ அதோட சொந்தக்காரனுக்குக் காசு.'

'அது மைனிங் இல்லடா, மூணு சீட்டு.'

'பேங்கே தேவையில்லை டாடி. யாரு யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு எல்லாரோட கம்ப்யூட்டர்லயும் ஒரே கணக்கு நோட்டு இருக்கும். ஒருத்தன் அடிச்சுத் திருத்த முடியாது. 2008-ல சடோஷி நகமோட்டோன்னு ஒருத்தர் எழுதி வச்சிட்டுப் போனாரு. அவரு யாருன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது.'

முதலாளி யாரென்றே தெரியாத சுரங்கமா? எங்களுக்காவது திட்டுவதற்கு ஜான் டெய்லர் கம்பெனி என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவன் சொல்லச் சொல்ல எனக்குள் என்னமோ செய்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுக்கு மேல் எடுக்க முடியாதாம். முதலில் ஒரு தடவை கண்டுபிடித்தால் 50 காசு கிடைத்ததாம். சுமார் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும். 2012-இல் 25, 2016-இல் பன்னிரண்டரை, 2020-இல் ஆறேகால். போகப்போகக் கஷ்டம் அதிகம், கிடைப்பது குறைவு. 'டேய், இது நம்ம சாம்பியன் ரீப்பு சுரங்கம்டா!' என்றேன். கரண்ட்டும் ஏகமாகக் குடிக்குமாம். அதைக் கேட்டதும் எனக்கு ஐயமே நீங்கிவிட்டது. 1902-இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்துக் கரண்ட் கொண்டுவந்தார்களே, ஊர் வெளிச்சமாக இருக்கட்டும் என்றா? சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவுக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் விளக்கு வந்தது.

அந்தக் காசுகளை வேறொரு பெயரிலும் சொன்னான், டோக்கன் என்று. அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. டோக்கன் என்றால் எனக்கு நைனாவின் பித்தளை வில்லைதான். காலையில் கீழே இறங்கும்போது கொடுத்துவிட்டுப் போவார்கள், மேலே வந்ததும் வாங்கி மாட்டுவார்கள். ஷிப்ட்டு முடிந்து பலகையில் வில்லை மாட்டியிருந்தால் ஆள் பத்திரமாக வந்துவிட்டான் என்று பொருள். கீழே பாறை வெடித்து வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும் நாட்களில், அம்மா டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, 'வில்லை வந்துச்சா?' என்று ஒரே கேள்விதான் கேட்பாள். அந்த டோக்கனை யாரும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை.

இருந்தாலும் மொத்தத்தில் எல்லாம் பொருந்தியது. ஆழம், செலவு, கரண்ட், குறைந்துகொண்டே போகும் வரும்படி, கண்ணுக்குத் தெரியாத முதலாளி. இவ்வளவு பொருந்திய பிறகு புத்தியுள்ளவன் எழுந்து ஓடியிருக்கவேண்டும். நானோ, சுரங்கத்தில் மூன்று தலைமுறையாக நஷ்டப்பட்ட குடும்பம், நமக்கு இல்லாத அனுபவமா என்ற தெம்பில் பத்தாயிரத்தையும் போட்டேன். இந்த மாதிரிக் காசைத் தொடக்கூடாது என்று பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் 2018-இல் உத்தரவு போட்டிருந்ததாம், 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்திருக்கிறது. நாட்டின் பெரிய கோர்ட் அவ்வளவு சிரமப்பட்டு வழி திறந்துவிட்டது, நான் உள்ளே வருவதற்காகத்தான் போலும்.

நான் வாங்கியது 2021 நவம்பர் இரண்டாம் வாரம். அந்த வாரத்தில்தான் ஒரு பிட்காயின் 69,000 டாலர் வரை ஏறி, அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் எட்டாத உச்சியைத் தொட்டது. நம் ஊர்க் கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேல். என் பத்தாயிரத்துக்கு வந்தது 0.0019 சொச்சம். போனில் அதைப் பெருமையாகக் காட்டினேன். பெண்டாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். 'சைபர், புள்ளி, சைபர், சைபர். சைபருக்கா பத்தாயிரம் குடுத்தீங்க?'

அடுத்த நாளிலிருந்து அது இறங்க ஆரம்பித்தது. கூண்டில் இறங்கும்போது வயிற்றில் ஒரு குழி விழும் என்று நைனா சொல்வார். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்த பாக்கியம் கிடைக்கவில்லையே என்ற குறை தீர்ந்தது. 2022 பட்ஜெட்டில் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி என்றார்கள். ஊரே புலம்பியது. நான் ஒருத்தன்தான் கவலைப்படவில்லை, எனக்கு லாபம் என்ற பேச்சே இல்லை. அந்த வருஷம் நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்று பஹாமாஸில் இருந்த பெரிய கடை ஒன்று திவாலானது. பிட்காயின் 16,000 டாலருக்கும் கீழே போனது. செட்டியார் ஒரு வேளை கடையை மூடிவிட்டு ஓடியிருந்தால் எங்கள் லைனே சந்தோஷப்பட்டிருக்கும், கடன்காரர்கள் நாங்கள்தானே. இங்கே அப்படியே தலைகீழ். பயந்துபோய் அந்த வாரமே விற்றேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. நஷ்டத்தில் விற்றவனிடமும் வரிக்கென்று ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மகன் போன் செய்து சொன்னான். அவன் விற்கவில்லை. உச்சத்தில் வாங்கி அடியில் விற்க ஒரு ஆள் தேவை என்றால், நந்திதுர்க்குக்கு ஆள் அனுப்பினால் போதும். இந்தச் சுரங்கத்தில் கடைசிக் காசு 2140 வாக்கில் கிடைக்கும் என்கிறார்கள். மூடப்போகும் வருஷத்தை நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிடும் நிர்வாகம், அதுவரையில் எங்கள் நிர்வாகத்தைவிட மேல்.

நடுவில் ரிசர்வ் பேங்க்கும் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது, டிஜிட்டல் ரூபாய் என்று. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி முதலில் நாலு ஊரில் சோதனைக்கு விட்டார்கள், பெங்களூர் அதில் ஒன்று. இது நம்முடைய சொந்த சர்க்கார் காசு, கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று மகன் அதைத் தன் போனில் காட்டினான். ஐந்நூறு, நூறு, ஐம்பது என்று நோட்டு நோட்டாகப் படம். சில்லறைக்கும் தனிப்படம். பெண்டாட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

'இதுல வச்சா வட்டி வருமா?'

'வராதும்மா.'

'யாரும் எடுக்காம அப்படியே இருக்குமா?'

'இருக்கும்.'

'அரிசி டப்பா' என்றாள். ரிசர்வ் பேங்க் எத்தனையோ நிபுணர்களை வைத்து யோசித்த விஷயம், இரண்டு கேள்வியில் முடிந்துபோயிற்று.

இப்போது மறுபடி கட்டைவிரலுக்கு வருகிறேன். எனக்கு பி.எப். பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், என்னுடையது அந்தக் குறைந்தபட்சத்தைப் பார்த்துக் கைகாட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதை வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை நான் உயிரோடு இருப்பதாக நிரூபிக்கவேண்டும். முன்பெல்லாம் பேங்கில் போய் நின்றால் போதும், 'இருக்கீங்களா?' 'இருக்கேன்.' முடிந்தது. இப்போது விரலை மிஷினில் வைக்கவேண்டும்.

போன நவம்பரில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சேவைக் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் ரொம்பப் பொறுமைசாலி. கட்டைவிரல் வைத்தேன், சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன், சிவப்பு. இடதுகை, சிவப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்துக்கூட வைத்துப் பார்த்தாயிற்று. 'ரேகை தேஞ்சு போச்சு மாமா' என்றாள். இருபது வருஷம் நட்டு போல்ட்டு எண்ணியதில் போயிருக்கவேண்டும். தாத்தா விரலைத் தரமாட்டேன் என்று வீறாப்பாக நின்றார். பேரன் நான், எடுத்துக்கொள்ளுங்கள் தாயே என்று பத்து விரலையும் நீட்டுகிறேன், எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

'பரவால்ல மாமா, முகத்தை வச்சே எடுக்கலாம். போனைப் பாத்து கண்ணை இமைங்க.'

போட்டோ எடுக்கும்போது இமைக்காதே என்று அறுபது வருஷம் பழக்கிவிட்டு, இப்போது இமை என்றால் எப்படி வரும்? விறைப்பாக விழித்துக்கொண்டு நின்றேன். உயிருள்ள முகம் தென்படவில்லை என்று பதில் வந்தது. மறுபடி. மறுபடி. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இமை மட்டும் இறங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் ஒருத்தர் பக்கத்து ஆளிடம், 'பாவம், போயிட்டாரா?' என்றார்.

'வீட்ல டிவி முன்னாடி ஒரு மணி நேரம் மூடியே வச்சிருப்பாரு' என்று பெண்டாட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்து அவள் பக்கம் திரும்பினேன். திரும்பின வேகத்தில் இமைத்தேனாம். பச்சை விளக்கு.

ஆட்டோவில் வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன். மனுஷன் உயிரோடு இருப்பதைச் சொல்ல ஒரு மிஷின், அதற்கு நாலு தடவை பரீட்சை, என்ன காலமடா இது என்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

'எனக்கு இன்னாத்துக்குங்க மிஷினு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருபது ரூபா போனா, ஆள் நல்லாத்தான் கீறாருன்னு அர்த்தம்.'

அதாவது இத்தனை நாளும் போண்டா கணக்கு அந்த வீட்டில் வேறு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போகும்போது போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வெகுநாள் கழித்து ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தேன். டப்பா வாயை மூடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, வெற்றி பெற்ற மனுஷனாக, ஆற அமர முதல் போண்டாவைப் பிட்டேன்.

ஐந்தேகாலுக்குப் பையில் போன் அடித்தது.

'இன்னாங்க, எங்க கீறீங்க?' மூச்சு வாங்குவது கேட்டது, வாசலில் இறங்கி நடந்துகொண்டே பேசுகிறாள் போலிருந்தது. 'இருபது ரூபா இன்னும் போகலியே?'